ஜோனாசின் துவக்குக் குழல்

பிராண்டே,
டென்மார்க்,
தை மாதக் கடைசி.

அன்பும் மதிப்பும் உள்ள மச்சான் சூசைதாசனுக்கு,

ஆண்டவர் கிருபையில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், பனிக்காலம் வந்தால் என்னுடைய வலது முழங்கால் தன் குணத்தைக் காட்டும், காட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் தங்கச்சி கிறேஸ் வழக்கம்போல முதியோர் இல்லத்து வேலைக்குப் போய் வருகிறாள். நான் பென்சன் எடுத்து வீட்டில் இருக்கிறேன். வீட்டில் இருக்கிறவனுக்குத்தான் வீட்டில் நடப்பது தெரியும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று யோசிப்பீர்கள். வட்ஸ்அப்பில் கதைக்கலாம்தான். ஆனால் நான் சொல்லப் போகிற விஷயத்தில் ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லை மன்னாருக்குப் போகிற போனில் சொல்ல எனக்கு இன்றைக்கும் நாக்கு எழும்பாது. எவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று யார் கண்டது? காலம் மாறிவிட்டது அப்பா என்று ஜோனாஸ் சிரிக்கிறான். சிரிப்பான். அவன் ஹேர்னிங் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்.

கடிதம் போடுவதும் இங்கே லேசில்லை. தெருவில் நின்ற சிவப்புத் தபால் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் விசாரிக்கப் போனபோது அங்கே நின்ற பெடியன், சிறிலங்காவுக்கா, கடிதமா என்று இரண்டு தரம் கேட்டான். அவனுக்கு ஏன் இந்த விடுப்பு விசாரணை? அதனால் உறைக்குள் உறை வைத்து ஒட்டியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். உங்கள் மருமகன் ஜோனாஸ் துவக்குக் கட்டுகிறான்.

வாங்குகிறான் இல்லை, மச்சான். கட்டுகிறான். போன வருடம் வேட்டைச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினான். காற்றாலைக் கொம்பனியில் அவனோடு வேலை செய்கிற டேனிஷ்காரர் எல்லாருக்கும் அந்தப் பைத்தியம் இருக்கிறது, இவனுக்கும் தொற்றிவிட்டது, போகட்டும் என்று இருந்தேன். இரவல் துவக்கோடு காட்டுக்குச் சுடப் போய் வந்தான். ஒரு மானும் வந்ததில்லை, தடிமனும் தும்மலும்தான் வந்தன. இப்போது என்னடா என்றால், கீழ் அறையில் ஒரு இரும்பு அலுமாரியைக் கொண்டுவந்து சுவரோடு சேர்த்து முறுக்கியிருக்கிறான். பிடி ஒரு இடத்தில் இருந்து வருகிறது, மற்றச் சாமான் வேறு இடத்தில் இருந்து வருகிறது. கடையில் முழுத் துவக்குத் தொங்கும்போது ஒருவன் ஏன் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும்? எங்கள் ஊர் அனுபவத்தில் துண்டு துண்டாகச் சேர்க்கிறவன், முழுசாகச் சேர்ந்தது வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கிறவன்.

கேட்டேன். தான் இடதுகைக்காரன் என்றும், கடையில் இருப்பதெல்லாம் வலதுகைக்காரருக்குச் செய்தது என்றும், தன் கைக்கும் தோளுக்கும் அளவாகச் செய்விக்கிறேன் என்றும் சொன்னான். டேனிஷில்தான் சொன்னான், நான் தமிழில் எழுதுகிறேன். பதில் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயம். கேட்டவுடன் நியாயமான பதிலைக் கையில் வைத்திருக்கிற பிள்ளையை எந்தத் தகப்பன் நம்புவான்?

பிறகு ஒரு நாள் அவன் கீழே இருந்து போனில் கதைப்பது கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, உடுப்பு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். கட்டையாக இருந்தால்தான் நல்லது என்கிறான். சத்தம் வெளியில் கேட்கக்கூடாது என்கிறான். நான் இருமியதும் குரலைத் தாழ்த்திவிட்டான். மறுமுனையில் நின்றவன் ஸ்ரிபன். இக்காஸ்டில் இருக்கிற எங்கள் ஆட்களின் பெடியன், ஜோனாசோடு ஒன்றாகப் படித்தவன், ஒரு அடிபாட்டில் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு விட்ட பேர்வழி. வாயைத் திறந்தால் அங்கிள், அங்கிள் என்று தேன் வழியும். அவன் வந்தால் நான் என் கார்த் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் நேரே கேட்டேன், ஏன்டா உனக்குக் கட்டைத் துவக்கு, கோட்டுக்குள் மறைக்கவா என்று. கிறேஸ் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு, ஒரு தாளை எடுத்துப் படம் கீறிக் காட்டத் தொடங்கினான். குழல்தான் துவக்கின் சீவன், அப்பா, அதைத் தெரிவு செய்கிறதுதான் பெரிய வேலை என்றான். நாங்கள் பரல் என்று சொல்வோமே, அதுதான். ஒன்றரை முழத்துக்குக் கிட்ட நீளமான குழல் இருக்கிறதாம், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேலே கட்டைக் குழல் இருக்கிறதாம். கட்டையின் நுனியில் சத்தம் குறைக்கிற குழாய் ஒன்றைப் பூட்ட வேண்டும், நீளக் குழலில் அதையும் பூட்டினால் துடுப்புப் பிடிக்கிற மாதிரி இருக்கும் என்றான். சத்தம் குறைப்பது யாருக்காக என்று கேட்டேன். காதுக்காக என்றான். இங்கே அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதாம்.

அதோடு விடவில்லை. இங்கே ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டார்கள். இனிச் செம்புக் குண்டுதான். செம்பு பாரம் குறைவு என்பதால் குண்டு நீளமாக இருக்கும், நீளமான குண்டு நேராகப் போக வேண்டுமென்றால் குழலுக்குள் ஓடுகிற புரி இறுக்கமாக இருக்க வேண்டும், குண்டு பம்பரம் மாதிரிச் சுழன்றுகொண்டு போகும் என்று என்னவெல்லாமோ சொன்னான். கண்ணில் ஒரு வெளிச்சம் அவனுக்கு. கலியாணப் பேச்செடுத்தால் அந்த வெளிச்சத்தைக் காண முடியாது.

எனக்கு விளங்கியது. ஆனால் மனம் ஆறவில்லை, மச்சான். என் வீட்டுக்குள் ஒரு துவக்கு வரப் போகிறது. எதற்காக வருகிறது, அவன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்காமல் நான் விடப்போவதில்லை. கிறேசைக் கேட்டால் பெடியன் பொய் சொல்ல மாட்டான் என்று மட்டும் சொல்கிறாள். அவளுக்கு யார்மேல்தான் சந்தேகம் வந்தது?

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணை இருக்கட்டும். ஜோனாசுக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் லோரன்ஸ்.


பிராண்டே,
மாசி நடுப்பகுதி.

அன்புள்ள மச்சானுக்கு,

முதற் கடிதம் கிடைத்ததா தெரியவில்லை. கடைப் பெடியன்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கையில்லை. கிடைக்காவிட்டாலும் இதை வாசித்தால் விளங்கும். ஜோனாஸ் வேட்டைத் துவக்குக் கட்டுகிறான், அதன் குழல் வீட்டில் இருந்து காணாமல் போய்விட்டது. எனக்கு நித்திரை இல்லை.

ஒழுங்காகச் சொல்கிறேன். குழல் தெரிவு செய்ய அவன் போனபோது நானும் காரில் ஏறி இருந்துவிட்டேன். வேண்டாம் அப்பா என்றான். ஏன் வேண்டாம் என்று கேட்டேன், காரை எடுத்துவிட்டான். ஹேர்னிங்குக்கு அங்கால் ஒரு பண்ணை வீட்டுக்குப் பின்னால் துவக்குப் பட்டறை வைத்திருக்கிற டேனிஷ் கிழவர். மேசையில் துணி விரித்துக் குழல்களை அடுக்கினார். பொம்பிளை பார்க்கப் போன மாதிரித்தான் இருந்தது. இது மொத்தம், தடிப்பான குழல், பலமுறை சுட்டாலும் சூட்டில் ஆடாது, ஆனால் காட்டில் தூக்கி நடந்தால் தோள் கழன்றுவிடும் என்கிறார். இது மெல்லிசு, தூக்கச் சுகம், ஆனால் கெதியில் சூடேறும் என்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒன்று. ஜோனாஸ் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டே நின்றான்.

துருப் பிடிக்காத பளபளப்பான உருக்கு ஒன்று இருந்தது. கறுப்பு உருக்கு ஒன்று இருந்தது. பளபளப்பை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மினுங்குகிற பொருளில் எனக்கு எப்போதும் ஒரு ஐமிச்சம், ஒரு சந்தேகம். கிழவர் சிரித்து, தகப்பன் சொல்வதிலும் பிழையில்லை, கறுப்பைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தால் போதும் என்றார். நான் அதோடு நிற்காமல், இதெல்லாம் பொலிசுக்குத் தெரியுமா என்று கிழவரைக் கேட்டுவிட்டேன். குழலுக்கென்றே பொலிஸ் கொடுத்த அனுமதியை ஜோனாஸ் ஏற்கெனவே காட்டியிருக்கிறான். கிழவர் அதை எடுத்து என் முன்னால் வைத்தார். மகனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

நடுத்தர மொத்தத்தில் கறுப்புக் கட்டைக் குழலைத்தான் எடுத்தான். கிழவர் குளிர்கால விடுமுறைக்கு நோர்வே போகிறார், திரும்பி வந்துதான் பூட்டுவார். அதனால் குழல் வீட்டுக்கு வந்து இரும்பு அலுமாரிக்குள் போனது. போன ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பூசுவோம் என்று அவன் அலுமாரியைத் திறந்தான். குழல் இல்லை. பூட்டு உடையவில்லை. அலுமாரிக்குள் மற்றச் சாமான் எல்லாம் வைத்தபடி இருக்கிறது.

அலுமாரித் திறப்பை எங்கேயடா வைத்தாய் என்று கேட்டேன். மேசை லாச்சிக்குள், காலுறைக்குள் என்றான். இஞ்சினியர்! நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். திறப்பு அவன் கையைவிட்டு எங்கேயும் இருக்கக்கூடாது என்பது சட்டமாம். குழல் காணாமல் போனால் உடனே பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டமாம். அறிவித்தால் அனுமதி போகலாம், விசாரணை வரலாம், கொம்பனியில் பெயர் கெடலாம். வீட்டுக்கு வந்துபோன ஆட்கள் யார் என்று பொலிஸ் முதலில் கேட்கும். அதற்கு அவன் என்ன சொல்லப் போகிறான்?

வந்துபோனவன் ஒருவன்தான், மச்சான். ஸ்ரிபன். அதற்கு முந்தின கிழமை வந்து இரண்டு பேரும் கீழ் அறையில் இருந்து கதைத்தார்கள். நடுவில் ஜோனாஸ் பிட்சா வாங்கப் போனான். ஸ்ரிபன் தனியே கீழே நின்றான். நான் மேலே ரீவி பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் காது கீழேதான். ஒரு லாச்சி இழுபட்ட சத்தம் கேட்ட மாதிரித்தான் எனக்கு இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி ஆற்றிலும் குளத்திலும் எறிந்து பழைய சைக்கிள், இரும்புத் துண்டு என்று இழுத்து எடுப்பதுதான் அவனுடைய பொழுதுபோக்கு. இரும்பு பொறுக்குகிறவனுக்கு இந்த இரும்பு கண்ணில் படாமல் போகுமா?

போதாக்குறைக்கு, குழல் இல்லை என்று கண்ட அந்த ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை எங்கள் தெருவில் பொலிஸ் கார் வந்து நின்றது. நான் அப்போது முழங்காலைக் காட்ட டொக்டரிடம் போயிருந்தேன், பிறகுதான் கேள்விப்பட்டேன். பக்கத்து வீட்டுக் கராஜை உடைத்து மின்சார சைக்கிளைத் திருடிவிட்டார்களாம். திருடர் ஒரு வீட்டோடு நிற்பார்களா, அல்லது சைக்கிள் திருடியதும் குழல் திருடியதும் ஒரே கையா? ஸ்ரிபனுக்கு எங்கள் தெருவின் மூலைமுடுக்கு எல்லாம் தெரியும். நான் கணக்குப் பார்க்கப் பார்க்க அவன் பெயரில்தான் வந்து முட்டுகிறது.

ஜோனாஸ் அவன் எடுக்க மாட்டான் என்று அடித்துச் சொல்கிறான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனுக்கும் உள்ளுக்குள் அரிக்கிறது. இந்த ஞாயிறு ஸ்ரிபனைக் கூப்பிட்டு ஒரு தரம் கேட்பது, இல்லையென்றால் திங்கள் காலை பொலிசுக்குச் சொல்வது என்று நிற்கிறான். உடனே சொல்ல வேண்டியதை இழுத்தடிப்பதும் குற்றம்தான். சிநேகிதனுக்காக இழுக்கிறான். பொலிஸ் கேட்டால் முதல் பெயராக அவன் பெயரைச் சொல் என்று நான் சொல்லிவிட்டேன்.

இவ்வளவு குழப்பத்துக்குள் உங்கள் தங்கச்சியைப் பாருங்கள். நானும் மகனும் தின்னாமல் குடியாமல் திரிகிறோம், அவள் பாடிக்கொண்டு சமைக்கிறாள். படுத்தவுடன் நித்திரை. இந்தப் பனிக்காலம் முழுக்க அவள் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை நான் காணவில்லை. குழல் போனால் போகட்டுமே, பெடியன் இருக்கிறான்தானே என்கிறாள். சட்டம் தெரியாத பேச்சு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் வீட்டுக்காகச் செபியுங்கள், மச்சான்.

லோரன்ஸ்.


பிராண்டே,
மாசிக் கடைசி.

அன்புள்ள மச்சான் சூசைதாசனுக்கு,

இந்தக் கடிதத்தை மட்டும் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் வாசியுங்கள்.

ஞாயிறு பின்னேரம் ஸ்ரிபன் வந்தான். கேக் வாங்கிக்கொண்டு வந்தான், பாவி. அவனை இருத்தி வைத்து நான்தான் கேட்டேன். ஜோனாஸ் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். பிட்சா வாங்கப் போன நேரம் நீ கீழே என்ன செய்தாய், எந்த லாச்சியை இழுத்தாய், காலுறைக்குள் என்ன இருந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். போன் சார்ஜர் தேடினேன் அங்கிள் என்றான். பக்கத்து வீட்டுச் சைக்கிள் எங்கே என்றும் கேட்டேன். அவன் எழும்பிவிட்டான். பள்ளிக்கூடத்தில டேனிஷ்காரப் பெடியங்கள் என்னைக் கள்ளன் எண்டினம், அண்டைக்கு அடிபட்டது அதுக்குத்தான், நீங்களும் இப்ப அதைத்தான் சொல்லுறீங்கள் என்றான். அந்தப் பெடியனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கு அப்போதும் மனம் இளகவில்லை. நல்லாக நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன், மச்சான். உண்மையைத்தான் எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் கிறேஸ் தேத்தண்ணித் தட்டோடு குசினியில் இருந்து வந்தாள். தட்டை வைத்துவிட்டு, வந்தவங்கள், பார்த்தாங்கள், ஒண்டும் அகப்படேல்லை, பிள்ளை வீட்டிலதானே நிக்கிறான், பிறகு என்னத்துக்கு இந்தச் சண்டை என்று கேட்டாள். ஒவ்வொரு கோப்பையாக எங்கள் கையில் தந்தாள். ஸ்ரிபனுக்குச் சீனி இரண்டு கரண்டி போட்டிருக்கு என்றாள்.

யார் வந்தது என்று ஜோனாஸ் கேட்டான். பொலிஸ் என்றாள்.

வியாழக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. யன்னலால் பார்த்திருக்கிறாள், பொலிஸ் கார் வந்து எங்கள் வேலியோடு நின்றிருக்கிறது. இரண்டு பேர் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தார்களா, எங்கள் வீட்டுக்கு வந்தார்களா என்று பார்க்க அவள் நிற்கவில்லை. நேரே கீழே ஜோனாசின் அறைக்குப் போயிருக்கிறாள். அவனுடைய காலுறை எல்லாம் துவைத்து மடித்து வைப்பது அவள்தானே, திறப்பு எதற்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? உலகம் முழுவதையும் சந்தேகித்த எனக்கு இந்தச் சின்ன விஷயம் புத்தியில் படவில்லை. அலுமாரியைத் திறந்து குழலை எடுத்து, பூட்டி, திறப்பைப் பழையபடி வைத்திருக்கிறாள். சந்தைக்குப் போகிற உருட்டுப் பைக்குள் குழலை நிறுத்தி, மேலே லீக்ஸ் கட்டு ஒன்றை வைத்து, குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு முன்வாசலால் இறங்கியிருக்கிறாள். பொலிஸ்காரன் ஒருவன் காலை வணக்கம் சொன்னானாம். இவளும் சொன்னாளாம். பை கல்லில் தட்டுப்பட்டு நின்றபோது அவன்தான் பிடித்து உருட்டிவிட்டானாம். ஆற்றுக்குக் குறுக்கே இருக்கிற மரப்பாலத்துக்கு நடந்து போய், நடுவில் நின்று போட்டுவிட்டு, திரும்பும் வழியில் பாணும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வந்தபோது பொலிஸ் கார் இல்லை, எங்கள் வீட்டைத் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்றே நினைத்திருக்கிறாள்.

ஜோனாஸ் கத்தினான். எல்லாம் சட்டப்படி இருந்ததே அம்மா, அனுமதி இருந்ததே, அவங்கள் வந்திருந்தாலும் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப்போட்டுப் போயிருப்பாங்களே, இருந்ததாலை பிரச்சினை இல்லை, இல்லாததாலைதான் பிரச்சினை என்று டேனிஷும் தமிழும் கலந்து கத்தினான். அவள் அவனுடைய கோப்பையை வாங்கித் தட்டில் வைத்தாள். பிறகு, உனக்குத் தெரியாது தம்பி என்றாள். அவ்வளவுதான்.

மிச்சத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். எங்களில் முதலில் அசைந்தவன் ஸ்ரிபன். தன் காரில் இருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஆன்ரி, எந்த இடம் எண்டு காட்டுங்கோ என்றான். நாலு பேரும் பாலத்துக்குப் போனோம். அவள் கை காட்டிய இடத்தில் எறிந்து எறிந்து இழுத்தான். ஒரு விளக்குமாற்றுக் கம்பி வந்தது, ஒரு பொரிக்கிற தாச்சி வந்தது. கடைசியில் காந்தம் எதிலோ கவ்விப் பிடித்துக்கொண்டு மேலே வரவில்லை. காற்சட்டையைக் கழற்றாமலே அந்தக் குளிர்த் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். குழலோடு ஏறியபோது அவனுக்குப் பல் கிட்டியது. நான் என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். மன்னித்துக்கொள் ராசா என்று கேட்டேன். பரவாயில்லை அங்கிள் என்றான். பரவாயில்லாமல் இல்லை, அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் என்னிடம் சரளமாக வர இன்னும் நாள் எடுக்கும்.

திங்கள் காலை ஜோனாஸ் தானே பொலிசுக்குப் போன் எடுத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அங்கே கதைத்த பெண் குழல் இலக்கத்தைக் கேட்டுச் சரிபார்த்தாள். இழுத்தடித்ததற்கும் திறப்பைக் காலுறைக்குள் வைத்ததற்கும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது, அனுமதி தப்பியது. குழல்தான் தப்பவில்லை. கிழவர் உள்ளே பார்த்துவிட்டு, புரியெல்லாம் துரு தின்றுவிட்டது, இனி இது கம்பிதான் என்று சொல்லிவிட்டார். ஜோனாஸ் துவக்கே வேண்டாம் என்றான். கிறேஸ்தான், இந்த முறை துருப் பிடிக்காததாய்ப் பார்த்து எடு, உன்ர அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதை என்றாள்.

இனித்தான், மச்சான், நான் எழுத வந்தது.

அடுத்த நாள் அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன், பொலிசைக் கண்டவுடன் உனக்கு என்ன வந்தது என்று. நிமிராமலே சொன்னாள். இத்தனை வருடத்தில் முதல் தரம் சொன்னாள். உங்கள் தம்பி சீலனை ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வரவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். எதற்காகப் பிடித்தார்கள் என்று நானும் கேட்டதில்லை. கேட்கக்கூடாத கேள்வி என்று இருந்துவிட்டேன்.

சீலன் கடற்கரையில் வெறும் தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி வந்து வலைக்குப் பாரமாகக் கட்டுவானாம். அதில் ஒன்று யன்னல் கட்டின்மேல் கிடந்ததாம். சந்தியில் லொறி நிற்கிறது என்று கேள்விப்பட்டு நீங்கள் ஓடிவந்து, அதை எடுத்து எறி பிள்ளை என்று சொன்னீர்களாம். அரிசியைக் களைஞ்சு போட்டு எறியிறன் அண்ணா என்று அவள் சொன்னாளாம். உலையில் அரிசி போட நேரம் இருந்தது, அதை எறிய நேரம் இருக்கவில்லை என்றாள். வந்தவர்கள் நேரே யன்னலைத்தான் பார்த்தார்களாம். சீலன் செருப்புப் போடாமல் போனானாம். அதைச் சொல்லும்போதுதான் கத்தி நின்றது.

அதற்குப் பிறகு அண்ணா என்னோடை மனம்விட்டுக் கதைக்கேல்லை, கதைக்கவும் மாட்டார், அது சரிதான் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பாண் விலை சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

மச்சான், நீங்கள் போன் எடுத்தால் சுகமா என்று ஒரு சொல் அவளிடம் கேட்டுவிட்டு, லோரன்சிடம் கொடு என்பீர்கள். இவ்வளவு காலமும் அதற்கு நான் வேறு காரணம் வைத்திருந்தேன். சீதனமாக எழுதின வளவுக் காணியில் உங்களுக்கு மனக்குறை என்றும், அதை என்னிடம் கேட்க முடியாமல் அவளிடம் முகம் கோணுகிறீர்கள் என்றும் நினைத்தேன். எத்தனை தரம் அதை அவளுக்கே சொல்லிக் குத்தியிருக்கிறேன். அவள் ஒரு நாளும் இல்லை என்று சொல்லவில்லை. என் பிழையான கணக்கை அப்படியே இருக்கவிட்டாள், உண்மையைச் சொல்வதைவிட அது அவளுக்கு லேசாக இருந்திருக்கிறது.

உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இனி நானாக ஒன்றை நினைத்துக்கொள்ளவும் மாட்டேன். ஒருவேளை நீங்கள் அவளைக் குற்றம் சொல்லவே இல்லையோ, அவள் முகத்தைப் பார்த்தால் சீலன் நினைவு வருகிறது என்பதற்காகத்தான் விலகி நிற்கிறீர்களோ. ஒருவேளை குற்றம் சொல்கிறீர்களோ. எதுவாக இருந்தாலும் அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, கையில் அரிசி இருந்தது. அது உங்களுக்கும் தெரியும்.

உங்கள் தங்கச்சி ஒரு பிள்ளையை இந்த முறை காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கிழமை முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தாள். அதை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவளிடம் இருந்து பறித்துவிட்டோம். இப்போது பாட்டில்லை. அரிசி களையும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றுகொண்டே இருக்கிறாள். எனக்கு அதைப் பார்க்க ஏலாமல் இருக்கிறது, மச்சான். நான் சொல்லி அவளுக்கு ஆறாது. நான் அந்த வீட்டில் இருந்தவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து மத்தியானச் சமையல் ஆன பிறகு அவள் சும்மா இருப்பாள். நான் ஜோனாசோடு வெளியே போய்விடுகிறேன். ஆண்டவர் உங்களுக்கு வேண்டிய பெலனையும் சொல்லையும் தரட்டும். போன் எடுங்கள். அவள்தான் எடுப்பாள். என்னைக் கேட்க வேண்டாம்.

உங்கள் தங்கச்சியின் புருஷன்,
லோரன்ஸ்.